மொரீசியஸில் வெளியே சாப்பிடுதல்: புதிதாக வருவோருக்கான முழுமையான வழிகாட்டி

தமிழ்நாடு, இலங்கை, மலேசியா எனப் பல இடங்களிலிருந்து மொரீசியஸுக்கு வரும் உறவினர்களையும் நண்பர்களையும் சாப்பிட அழைத்துச் செல்வது எங்கள் வீட்டில் என் பொறுப்பு. அவர்களுள் பலர் முதல் சில நாள்கள் நல்ல சாப்பாடு கிடைக்காமல் அலைந்து, பிறகு தங்கும் விடுதியின் விலை மிகுந்த உணவோடு நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். எந்தப் பண்டம் வேண்டும் என்று முதலில் முடிவு செய்கிறார்கள், அடுத்து அது கிடைக்கும் கடையைத் தேடுகிறார்கள், கடைசியில்தான் மணியைப் பார்க்கிறார்கள். அதற்குள் கடை மூடியிருக்கும். இந்தத் தீவில் மணியை முதலில் பார்க்க வேண்டும். அந்த மணிக்குத் திறந்திருக்கும் கடை எது என்பது அடுத்தது, பண்டம் மூன்றாவதுதான். கீழே உள்ள படிகள் அந்த வரிசையிலேயே எழுதப்பட்டுள்ளன.

1. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் ரொக்கம். சாலையோரக் கடைகளிலும் சந்தைக் கடைகளிலும் வங்கி அட்டையைப் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் கைபேசிச் செயலி வழியாகப் பணம் செலுத்துவதைப் பார்ப்பீர்கள். அதற்கு இந்நாட்டு வங்கிக் கணக்கு வேண்டும். ஆகவே 25, 50, 100, 200 ரூபாய் நோட்டுகளாகச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பு தமிழிலும் அச்சிடப்பட்டிருப்பதால் நோட்டு மாறிப் போகும் என்ற அச்சம் வேண்டாம். பண இயந்திரத்தில் எடுத்த 2000 ரூபாய் நோட்டைச் சில பத்து ரூபாய்ப் பண்டத்துக்கு நீட்டினால், கடைக்காரர் பக்கத்துக் கடைக்கு ஓட வேண்டியிருக்கும். உங்களுக்குப் பின்னால் நிற்பவர்கள் காத்திருக்க வேண்டியிருக்கும். பெரிய நோட்டைச் சூப்பர் மார்க்கெட்டில் மாற்றிவிட்டு வருவது நல்லது.

அடுத்து, ஒரு துணிப்பையும் மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்கு 2021 ஜனவரி 15 முதல் இங்கே தடை உள்ளது. கட்டிக் கொடுக்கும் உணவு காகிதத்திலோ அட்டைப் பெட்டியிலோதான் வரும். குழம்புள்ள எதையும் அதில் வாங்கிப் பேருந்தில் ஏறினால் பெட்டியின் அடி ஊறி, மடியில் கசிந்துவிடும். டப்பாவை நீட்டினால் எந்தக் கடைக்காரரும் முகம் சுளிப்பதில்லை.

மூன்றாவது, இத்தீவின் பேச்சுமொழியான கிரியோலில் சில தொடர்கள். பெயர்ப்பலகையில் பிள்ளை என்றோ செட்டி என்றோ எழுதியிருப்பதைப் பார்த்தவுடன் தமிழில் பேசத் தொடங்குவது புதியவர்களின் இயல்பு. இங்குள்ள தமிழர்களில் பெரும்பாலோர் அன்றாடம் பேசுவது கிரியோல் மொழியே. "வணக்கம்" என்று சொல்லுங்கள், அது புரியும், மகிழ்ச்சியோடு பதிலும் வரும். அதன் பிறகு தமிழில் தொடர்ந்து அவரைச் சங்கடப்படுத்தாமல் இந்தத் தொடர்களுக்கு மாறிவிடுங்கள். இன்று என்ன இருக்கிறது என்று கேட்க "கி ஏனா ஸோர்தி?", விலை கேட்க "கோம்யே?", மிளகாய் வேண்டாம் என்றால் "சான் பிமான்", கொஞ்சம் போதும் என்றால் "திகித் பிமான்", கட்டிக்கொண்டு போவதற்கு "பூ ஆன்போர்தே". ஆங்கிலமும் பிரெஞ்சும் உணவகங்களில் செல்லும் என்றாலும், வரிசை வேகமாக நகரும் தெருக்கடையில் இந்தச் சிறு தொடர்களே கை கொடுக்கும்.

2. மணியையும் கிழமையையும் பார்த்துக் கடையைத் தேர்ந்தெடுத்தல்

உள்ளூர் உணவு என்று நாம் தேடுவதில் பெரும்பகுதி பகல் உணவு. அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் செல்வோரை நம்பி நடப்பவை இந்தக் கடைகள். அவர்கள் வீடு திரும்பியதும் கடையும் மூடப்படும்.

காலையில் ரொட்டிக் கடையும் அதன் அருகே எண்ணெய்ச் சட்டியும் தேடுங்கள். பருப்பு அரைத்து மிளகாயும் வெங்காயத் தாளும் சேர்த்துப் பொரிக்கும் "காத்தோ பிமான்", நம் பருப்பு வடைக்கு நெருங்கிய உறவு. சூடான பிரெஞ்சு ரொட்டியைப் பிளந்து வெண்ணெய் தடவி, அந்த வடைகளை உள்ளே வைத்து நசுக்கித் தருவார்கள். காலைப் பசிக்கு அதுவே போதும். முற்பகல் முதல், பருப்பு வைத்துச் சுடும் டோல் பூரியின் நேரம். நண்பகலில் சோற்றுக் கடைகள். மாலையில் வறுத்த நூடுல்ஸும் ஆவியில் வெந்த உருண்டைகளும். இரவு எட்டு மணிக்கு உள்நாட்டு ஊர்களில் தெருக்கள் அடங்கிவிடும். அந்நேரத்தில் கிராண் பே, ஃபிளிக் ஆன் ஃபிளாக் போன்ற கடற்கரை ஊர்களில்தான் தேர்வுக்கு இடம் உண்டு.

போர்ட் லூயிஸ் தனிக் கணக்கு. தலைநகரின் உணவுக் கடைகள் வேலை நாள்களின் பகலுக்கானவை. சனிக்கிழமை நண்பகலோடு நகரம் ஓய்கிறது. ஞாயிற்றுக்கிழமை போய் நிற்பதில் பயன் மிகக் குறைவு. ஞாயிறு ஒன்றே ஓய்வு என்றால் ஃபிளாக் சந்தைக்குச் செல்லுங்கள்; திங்கட்கிழமை என்றால் மாயேபூர் சந்தை. சந்தை கூடும் நாளில் அதைச் சுற்றி உணவுக் கடைகளும் கூடும். ரோஸ் ஹில், காத்ர் போர்ன், கியூர்பிப் ஆகிய ஊர்களில் வியாழக்கிழமை பிற்பகலில் கடைகள் பல மூடப்படும் வழக்கம் உண்டு என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை நண்பகலில் முஸ்லிம் கடைகள் ஜும்ஆ தொழுகைக்காகச் சிறிது நேரம் மூடியிருக்கும். சீனப் புத்தாண்டன்று சீன உணவகங்கள் பல மூடியிருக்கும். ஜனவரி 1, 2 இரண்டும் அரசு விடுமுறை. அந்த இரண்டு நாளுக்கும் வேண்டியதை முன்கூட்டியே வாங்கி வைப்பதைத் தவிர வழியில்லை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். எச்சரிக்கை மூன்றாம் வகுப்புக்கு உயர்ந்தால் பேருந்தும் நிற்கும், கடைகளும் மூடப்படும். இரண்டாம் வகுப்பு அறிவிக்கப்பட்டதுமே ரொட்டியும் தண்ணீரும் வாங்கிக்கொண்டு தங்குமிடம் திரும்பிவிட வேண்டும்.

3. டோல் பூரி வரிசையில் நிற்பது

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. இங்கே எல்லாமே சில நொடிகளில் முடிந்துவிடுகிறது.

கடலைப் பருப்பை வேக வைத்து அரைத்து, அதை மாவுக்குள் வைத்து மெல்லிதாகத் தேய்த்துச் சுட்டது டோல் பூரி. துணி போர்த்திய கூடையிலோ பெட்டியிலோ அடுக்கி வைத்திருப்பார்கள். துணியை விலக்கும்போது ஆவி பறக்க வேண்டும். விற்பவர் இரண்டு பூரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளங்கையில் எடுத்துக் காகிதத்தில் விரிக்கிறார். பெரிய பட்டாணி எனப்படும் வெள்ளை மொச்சைக் குழம்பு ஒரு கரண்டி, "ருகாய்" எனப்படும் தக்காளிக் கூட்டு ஒரு கரண்டி, கொத்தமல்லித் துவையலோ காய் ஊறுகாயோ சிறிது, கரண்டி நுனியில் அரைத்த மிளகாய். அதே கரண்டியின் முதுகால் நான்கையும் ஓர் இழுப்பில் பரப்பி, சுருட்டி, காகித முனையை முறுக்கிவிடுகிறார். அடுத்தவரைப் பார்த்துத் தலையை அசைக்கும்போது உங்கள் முறை முடிந்துவிட்டது என்று பொருள்.

ஆகவே, உங்களுக்கு முன்னால் இருப்பவர் பணம் கொடுக்கும்போதே நீங்கள் சொல்லிவிட வேண்டும். முதலில் எண்ணிக்கை. டோல் பூரி ஜோடியாகவே விற்கப்படுகிறது, விலையும் ஜோடிக்கே. ஒரு விரல் காட்டினால் இரண்டு பூரி வரும். இது தெரியாமல் இரண்டு விரல் காட்டி, நான்கு பூரிகளை வாங்கிக்கொண்டு விழிப்பவர்களை அடிக்கடி காண்கிறேன். எண்ணிக்கைக்குப் பிறகு மிளகாய் அளவு. இங்குள்ள சிறு மிளகாயின் காரம் வேறு வகை. "நாங்கள் காரம் தின்று வளர்ந்தவர்கள்" என்ற நம்பிக்கையோடு வருபவர்களும் முதல் முறை "திகித்" என்று சொல்வதே நல்லது. சுருட்டிய பிறகு மிளகாயை எடுக்க முடியாது. சேர்க்க வேண்டுமானால் தனியே கேட்டு வாங்கலாம்.

வாங்கியதும் கடையை அடைத்து நிற்காமல் ஓரமாக ஒதுங்கி, காகிதத்தை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிழித்துக்கொண்டே சாப்பிடுங்கள். முழுவதும் பிரித்தால் குழம்பு முழங்கைக்கு வழியும். எடுத்துச் சென்று மாலையில் சாப்பிடலாம் என்று கட்டி வாங்குவதும் வீண். ஆறிய பூரி விறைத்து, மடித்த இடங்களில் விண்டு போகும்.

கடையை எப்படித் தெரிந்துகொள்வது? ஒரே பண்டத்தை மட்டும் விற்கும் கடையைத் தேடுங்கள். பூரி, பர்கர், பீட்சா என்று பலகையில் இருபது பெயர் எழுதிய கடையில் காலையில் சுட்ட பூரியைச் சூடாக்கித் தர வாய்ப்பு அதிகம். வரிசை நீளமாக இருக்கிறதே என்று அஞ்ச வேண்டாம். வரிசை நீளம் என்றால் பூரி புதிது, அது நகரும் வேகமும் உங்களை வியக்க வைக்கும்.

போர்ட் லூயிஸ் மத்திய சந்தையில் பூரி சாப்பிட்டால், அங்கேயே "அலூடா" குடித்துவிட்டு வாருங்கள். பால், சப்ஜா விதை, கடற்பாசி ஜெல்லி சேர்ந்த குளிர்பானம் அது. மிளகாய்க் காரத்தைத் தணிக்கத் தண்ணீரைவிடப் பால் உதவும். அந்தச் சந்தையில் பிள்ளை என்ற பெயர் தாங்கிய அலூடாக் கடை தீவு முழுக்க அறியப்பட்டது.

4. அமர்ந்து சாப்பிடும் சோற்றுக் கடை

உள்ளே நுழைந்ததும் அச்சிட்ட உணவுப் பட்டியலைத் தேடுவது தவறான தொடக்கம். சிறு கடைகளில் அன்று சமைத்தது எதுவோ அதுதான் உண்டு. அது சுவரிலுள்ள கரும்பலகையிலோ கடைக்காரர் வாயிலோ இருக்கும். "கி ஏனா ஸோர்தி?" என்று கேளுங்கள். பட்டியலில் இருந்தும் அன்று சமைக்காத ஒன்றை வற்புறுத்திக் கேட்டால், உறைநிலைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சூடாக்கித்தான் தர முடியும்.

பொதுவாக ஒரு தட்டில் சோறு, பருப்பு, கீரை, துவையல் ஆகியவற்றோடு நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஒரு கறி வரும். கீரையில் முருங்கைக் கீரையும் உண்டு; "பிரெத் முரூம்" என்று கேட்டால் தெளிந்த சாறாக வரும், சோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட ஏற்றது. மீன் சாப்பிடுபவர்கள் "விந்தாய்" எழுதியிருந்தால் தயங்காமல் வாங்குங்கள்: மஞ்சள், கடுகு, காடி (வினிகர்), பூண்டு சேர்த்துச் செய்த மீன் அது, ஒரு நாள் ஊறியதே சுவை கூடியது. ஆக்டோபஸ் விரும்புவோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: ஆகஸ்டு நடுப்பகுதி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை அதைப் பிடிக்கத் தடை உண்டு, அந்த மாதங்களில் தட்டில் வருவது உறைய வைத்ததாகவே இருக்கும்.

பன்னிரண்டரை மணிக்கு இடம் கிடைக்காது. ஒன்றரைக்குப் போனால் நல்ல கறி தீர்ந்திருக்கும். பன்னிரண்டுக்குச் சற்று முன்பே அமர்ந்துவிடுவதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது.

5. சீனக் கடைகள்

"புலேத்" எனப்படும் ஆவி உருண்டைகளை விற்கும் கடைகள் பலவற்றில் நீங்களே கிண்ணத்தை எடுத்து, இடுக்கியால் ஆவிப் பாத்திரத்திலிருந்து வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். விலை உருண்டை ஒன்றுக்கு. பொறுக்கிய பிறகு கடைக்காரர் எண்ணிப் பார்த்துச் சூடான சாற்றை ஊற்றித் தருவார். எண்ணுவதற்கு முன் சாற்றை நீங்களே ஊற்றிவிடாதீர்கள். மேசையிலுள்ள பூண்டுத் தண்ணீரையும் மிளகாய் விழுதையும் சிறு தட்டில் தனியே எடுத்துத் தொட்டுச் சாப்பிடுங்கள். சாற்றிலேயே கலந்தால் உருண்டைகளின் தனிச்சுவை தெரியாது.

வறுத்த நூடுல்ஸ் இங்கே "மீன் ஃப்ரீ" என்று எழுதப்படும். மீன் என்ற ஒலியைக் கேட்டு மயங்க வேண்டாம், அது நூடுல்ஸின் பெயர். "போல் ராவர்சே" என்பது கிண்ணத்தின் அடியில் பொரித்த முட்டையும், மேலே காய்கறி அல்லது இறைச்சிக் கலவையும், அதன் மேல் சோறும் அடைத்துத் தட்டில் கவிழ்ப்பது. இரண்டின் அளவும் பெரிது. இருவர் சென்றால் முதலில் ஒன்று வாங்கிப் பகிர்ந்து பார்த்துவிட்டு அடுத்ததைச் சொல்லுங்கள்.

6. சைவம் உண்பவர்கள் செய்ய வேண்டியது

இந்துக்கள் பெருந்தொகையினராக வாழும் தீவு என்பதால் சைவ உணவு எளிதில் கிடைக்கும் என்று நினைத்து வருகிறார்கள். கிடைக்கும், ஆனால் கேட்கும் முறை சரியாக இருக்க வேண்டும். "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் இறைச்சியை மட்டும் நீக்கிவிட்டு முட்டையோடு தரும் கடைகள் உண்டு. ஒவ்வொன்றையும் பிரித்துச் சொல்லுங்கள்: "சான் லாவியான்" இறைச்சி இல்லாமல், "சான் புவாசோன்" மீன் இல்லாமல், "சான் திஸெஃப்" முட்டை இல்லாமல்.

கண்ணுக்குத் தெரியாமல் நுழைபவை நான்கு. ஒன்று, துவையல்: தேங்காய், தக்காளித் துவையல்களோடு உலர்ந்த இறால் அரைத்ததும் கருவாட்டுத் துவையலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், கரண்டி ஒன்றாகவே இருப்பதும் உண்டு. இரண்டு, தக்காளிக் கூட்டு: "ருகாய்" என்பது வெறும் தக்காளியாகவும் இருக்கலாம், கருவாடோ சாஸேஜோ சேர்த்ததாகவும் இருக்கலாம். மூன்று, சீனக் கடைக் குழம்பு: காய்கறி நூடுல்ஸிலும் சிப்பிச் சாறோ மீன் சாறோ ஊற்றுவது வழக்கம், அதைத் தவிர்த்துச் சோயாச் சாறு மட்டும் ஊற்றச் சொல்ல வேண்டும். நான்கு, எண்ணெய்ச் சட்டி: வடையில் ஒன்றும் இல்லாவிட்டாலும் அதே எண்ணெயில் மீன் சமோசாவும் கோழிச் சமோசாவும் பொரிந்திருக்கும். இதில் கடுமையாக இருப்பவர்கள் சட்டிகள் தனித்தனியாக உள்ள கடையைப் பார்த்து வாங்குவதே வழி.

ருகாயையும் துவையலையும் மேலே சொன்னபடி கேட்டு வாங்கினால் டோல் பூரி சைவருக்குப் பாதுகாப்பானது; மொச்சைக் குழம்பும் அப்படியே. பரோட்டாவின் உறவான "ஃபராத்தா"வும் காய்கறிக் குழம்போடு கிடைக்கும். மாட்டிறைச்சியோ பன்றி இறைச்சியோ தவிர்ப்பவர்கள், கடை யாருடையது என்பதை வைத்து ஊகிக்காமல், கேட்டே வாங்குங்கள்.

7. பிரியாணி

பெரிய செம்புத் தேக்சாவில் ஒருமுறை சமைத்து, தீரும் வரை விற்பார்கள். ஆகவே முற்பகலிலேயே செல்லுங்கள். இங்குள்ள பிரியாணியில் உருளைக்கிழங்கு முழுத் துண்டாக இருக்கும். கோழி, ஆடு, மாடு, சில இடங்களில் மீன் என எது உள்ளே இருக்கிறது என்பதை வாங்கும் முன் கேளுங்கள். மூடிய பானையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

8. கடற்கரை உணவகமும் வீட்டுச் சாப்பாடும்

கடற்கரை உணவகங்களில் அமரும் முன் வாசலிலுள்ள விலைப்பட்டியலின் கடைசி வரியைப் படியுங்கள். மதிப்புக் கூட்டு வரி 15 சதவீதம். அது விலைக்குள் அடங்கியதா, மேலே சேர்வதா என்பது அங்கேதான் எழுதியிருக்கும். மீனுக்கும் கல் இறாலுக்கும் எடைக் கணக்கில் விலை போட்டிருந்தால், சமைப்பதற்கு முன்பே எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். சாப்பிட்டு முடித்தபின் எடையைப் பற்றி வாதாடி வென்றவர் இல்லை. அன்பளிப்பு கட்டாயமன்று, சேவை நன்றாக இருந்தால் மீதிச் சில்லறையை விட்டு வரலாம்.

மலைப் பகுதியான ஷமாரெல் போன்ற ஊர்களில் குடும்பங்கள் தங்கள் வீட்டிலேயே விருந்தினருக்குச் சமைத்துப் பரிமாறுகின்றன. முந்தைய நாளே தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும். எத்தனை பேர், சைவர் எத்தனை பேர் என்பதையும் அப்போதே தெரிவியுங்கள். வருவோர் எண்ணிக்கைக்கு ஏற்பவே அவர்கள் சந்தைக்குப் போகிறார்கள். தீவில் அமர்ந்து சாப்பிடச் செலவிடும் பணத்துக்கு முழு மதிப்புத் தருவது இந்த வீடுகள்தாம் என்பது என் கருத்து.

9. கோவில் சாப்பாடு

வாழை இலையில் பரிமாறும் "ஏழு கறி"ச் சாப்பாட்டை உணவகத்தில் தேட வேண்டாம். திருமண வீடுகளிலும் கோவில்களிலும்தான் அதன் உண்மையான சுவை. தைப்பூசக் காவடியின்போதும் புரட்டாசி மாதச் சனிக்கிழமைகளிலும் காத்ர் போர்னில் கோர் தெ கார்த் மலைச்சரிவிலுள்ள முருகன் கோவில் போன்ற இடங்களுக்கு நீங்கள் செல்ல நேரலாம். பலாக்காய், பூசணிக்காய், வாழைக்காய் முதலியவற்றின் கறிகள், ரசம், அப்பளம், பாயசம் என இலை நிறையும். வெளிநாட்டவர், உள்ளூர்க்காரர் என்ற வேறுபாடின்றிப் பரிமாறுவார்கள்.

அன்று காலை முதல் இறைச்சி, மீன், மது எதுவும் தொடாமல் செல்லுங்கள். விரதம் இருப்பவர்களுக்கு நடுவே அமரப் போகிறீர்கள். முதலில் சாமி கும்பிடுங்கள், பிறகு வரிசையில் நில்லுங்கள். நேராகப் பந்திக்குப் போவது பெரியவர்கள் கண்ணுக்கு நன்றாகப் படாது. பரிமாறுபவர்கள் வேகமாகச் சுற்றி வருவார்கள். வேண்டாததற்கு இலையின் மேல் கையைக் காட்டி மறுத்துவிடலாம், வாங்கிவிட்டு வீணாக்குவதுதான் தவறு. சாப்பாட்டுக்குப் பணம் கேட்க மாட்டார்கள், பரிமாறுபவர் கையில் கொடுக்கவும் கூடாது. தர விரும்பினால் திரும்பும்போது உண்டியலில் போடுங்கள்.